சிறு விமானங்களின் ஏவியானிக்ஸ் கருவிகள்: பழுது எங்கே பிறக்கிறது, உரிமையாளர் கவனிக்க வேண்டியவை என்ன?

புதுதில்லி: பெரிய பயணிகள் விமானத்தில் ஒரு கருவி பழுதடைந்தால், அதே பணியைச் செய்ய வேறொரு கருவி தயாராக இருக்கும். விமானி அறையில் இருவர் இருப்பர். இறங்கும் நிலையத்தில் பொறியாளர் காத்திருப்பார். நான்கு அல்லது ஆறு இருக்கைகள் கொண்ட தனியார் விமானத்தில் இவற்றுள் எதற்கும் உறுதியில்லை. பெரும்பாலும் விமானி ஒருவரே. சில வேளைகளில் அவரே உரிமையாளர். ரேடியோ, ஜிபிஎஸ், டிரான்ஸ்பாண்டர், ஆட்டோபைலட், பறக்கும் நிலையைக் காட்டும் திரைகள் ஆகியவற்றை உள்ளடக்கிய ‘ஏவியானிக்ஸ்’ கருவித் தொகுதி அத்தகைய விமானத்தில் எவ்வளவு நம்பகமானது என்பது, அதை விற்ற நிறுவனத்தைப் போலவே அதைப் பராமரிப்பவரையும் பொறுத்தது.

2000 அக்டோபர் 16 அன்று இரவு அமெரிக்காவின் மிசூரி மாநில ஆளுநர் மெல் கார்னஹன் பயணம் செய்த செஸ்னா 335 ரக இரட்டை எஞ்சின் விமானம் செயின்ட் லூயிஸ் நகருக்குத் தெற்கே விழுந்து நொறுங்கியது. விமானத்தை ஓட்டிய அவருடைய மகனும் உதவியாளர் ஒருவரும் அவருடன் உயிரிழந்தனர். செனட் தேர்தலுக்கு மூன்று வாரங்களே இருந்தன; மறைந்த பின்னரும் அத்தேர்தலில் கார்னஹனே வென்றார். தமது பக்கத்தில் உள்ள செயற்கை அடிவானக் கருவி சரியாக இயங்கவில்லை என்றும், வலப்பக்க இருக்கையின் முன் உள்ள கருவியைப் பார்த்து ஓட்ட முயல்வதாகவும் விமானி கட்டுப்பாட்டு மையத்திடம் தெரிவித்திருந்தார். மேகத்துக்குள் திசையுணர்வு குழம்பி விமானி கட்டுப்பாட்டை இழந்ததே விபத்துக்குக் காரணம் எனத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. அக்கருவியின் பழுதும் மோசமான வானிலையும் துணைக் காரணங்களாகக் குறிப்பிடப்பட்டன.

வெளியே எதுவும் புலப்படாதபோது, விமானம் சாய்ந்திருக்கிறதா, மூக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை விமானிக்குச் சொல்வது செயற்கை அடிவானக் கருவியே. மனித உடலின் சமநிலை உணர்வு இதில் உதவாது. மேகத்துக்குள் அது பொய் சொல்லும். 1954-ஆம் ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வொன்றில், கருவிகளைக் கொண்டு ஓட்டும் பயிற்சியில்லாத 20 விமானிகள் செயற்கையாக உருவாக்கப்பட்ட மேகச் சூழலில் விமானத்தை ஓட்டினர். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடிகள். மூன்று நிமிடங்கூட இல்லை.

மெல்லச் சாயும் கருவி

பழைய சிறு விமானங்களில் இக்கருவியினுள் ஒரு ஜைரோஸ்கோப் சுழலும். அதைச் சுழற்றும் காற்றோட்டத்தைத் தருவது எஞ்சினால் இயங்கும் வேக்குவம் பம்ப். எண்ணெயின்றி இயங்கும் உலர் வகைப் பம்பில் உள்ள கார்பன் தகடுகள் ஓட ஓடத் தேய்கின்றன. ஒரு நாள் எந்த முன்னறிவிப்பும் இன்றி உடைகின்றன. எஞ்சினுக்குச் சேதம் நேராதிருக்க, பம்பை அதனுடன் இணைக்கும் இணைப்பியே முறியும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது.

பம்ப் நின்றவுடன் ஜைரோ நின்றுவிடுவதில்லை. அது சில நிமிடங்கள் வேகம் குறைந்தபடி சுழன்று கொண்டிருக்கும். அந்நேரத்தில் கருவி மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து காட்டும். அதை நம்பும் விமானி, நேராகப் பறக்கும் விமானத்தைத் தாமே சாய்த்துவிடுகிறார். இருண்டுபோன திரையைக் கண்டால் எவரும் எச்சரிக்கை அடைவர். மெல்லப் பொய் சொல்லும் கருவியைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். வேக்குவம் அழுத்தமானியையும் திரும்பும் வேகத்தைக் காட்டும் கருவியையும் தொடர்ந்து ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் விமானிகளுக்கு வற்புறுத்தப்படுவது இதனாலேயே. வேக்குவம் பம்ப், உடையும்வரை காத்திராமல் உற்பத்தியாளர் குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் மாற்றப்பட வேண்டிய பொருள்.

சுழலும் பாகமற்ற மின்னணு நிலைகாட்டிகள் இச்சிக்கலுக்கு விடையாக வந்தன. கார்மின் நிறுவனத்தின் ஜி5 போன்ற ஓரளவு மலிவான கருவிகளைச் சான்றிதழ் பெற்ற பழைய விமானங்களிலும் பொருத்த 2016-ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் அனுமதித்தது. இருப்பினும் புதிய திரை வந்துவிட்டாலே பாதுகாப்பு கூடிவிடும் என்று கருதுவதற்கில்லை. 2002 முதல் 2006 வரை தயாரான ஏறத்தாழ 8,000 ஒற்றை எஞ்சின் விமானங்களை ஆராய்ந்து அதே பாதுகாப்பு வாரியம் 2010-இல் அறிக்கை ஒன்றை வெளியிட்டது. திரைகள் கொண்ட விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவாகவும், உயிரிழப்பு விபத்து விகிதம் அதிகமாகவும் இருந்ததை அவ்வறிக்கை சுட்டியது. ஒட்டுமொத்தப் பாதுகாப்பு மேம்பட்டதாகக் கூற இயலாது என்பதே அதன் முடிவு. அத்தகைய விமானங்கள் கடினமான வானிலையில் நீண்ட தொலைவு செல்லப் பயன்படுத்தப்பட்டதும் இதில் கருதத்தக்கது. திரை எந்த முறையில் பழுதடையும் என்பதை விமானி அறிந்திருக்க வேண்டும் என்று வாரியம் வலியுறுத்தியது.

பழுது பெட்டிக்குள் இல்லாதபோது

ரேடியோவில் ஒலி விட்டுவிட்டு வருகிறது என்றால் உரிமையாளர் முதலில் ரேடியோ பெட்டியையே சந்தேகிக்கிறார். பெட்டி கழற்றப்பட்டுப் பணிமனைக்கு அனுப்பப்படுகிறது. சில வாரங்கள் கழித்து ‘குறைபாடு காணப்படவில்லை’ என்ற சீட்டுடனும் ஒரு கட்டண ரசீதுடனும் திரும்பி வருகிறது. ஏவியானிக்ஸ் பணிமனைகளுக்கு இது நன்கு பழகிய கதை. பழுது பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே இருக்கிறது: கனெக்டரில், கம்பியில், ஆன்டெனாவில், எர்த் இணைப்பில், அல்லது மின்சாரத்தைத் தரும் ஆல்டர்னேட்டரில்.

பெட்டிகள் ஒரு தட்டில் சறுக்கி நுழைந்து, பின்புறம் உள்ள கனெக்டருடன் பொருந்துகின்றன. அதிர்வினால் பெட்டி ஒரு மில்லிமீட்டர் பின்னகர்ந்தாலும் தொடர்பு விட்டுப்போகலாம். தொடர்பு முனைகளில் படியும் ஆக்சைடு படலமும் அதையே செய்யும். பெட்டியைக் கழற்றி மீண்டும் செருகினால் படலம் உராய்ந்து நீங்கிக் கருவி உயிர்பெறும். சில மாதங்களில் அதே பழுது திரும்பும். இரண்டாவது முறையும் அது திரும்பினால் முனைகளைச் சுத்தம் செய்து, தட்டின் பொருத்தத்தைச் சரிபார்க்கச் சொல்வதே முறை.

ஆன்டெனாவுக்கு விமானத்தின் உலோகத் தோலே எர்த். மறுவண்ணம் பூசும்போது ஆன்டெனாவின் அடிப்பகுதியிலும் வண்ணம் ஏறிவிட்டால் அந்த மின்தொடர்பு கெடும். வண்ணம் பூசிய மறுமாதமே ரேடியோ மங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். டிரான்ஸ்பாண்டர் ஆன்டெனா வயிற்றுப்பகுதியில் இருப்பதால் எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெயும் தூசும் அதில் படிகின்றன. ஒரு துணி கொண்டு துடைப்பதே அதற்கு மருந்து. புதிதாகப் பொருத்திய எல்இடி விளக்கு எரியும்போது மட்டும் ரேடியோவில் இரைச்சல் வந்தால், பழி விளக்கின் மின்சுற்றுக்கே உரியது. மழை மேகத்தினூடாகவும் தூசு மண்டலத்தினூடாகவும் பறக்கையில் மட்டும் எழும் இரைச்சல், விமானத்தின் மேல் சேரும் நிலைமின்னேற்றத்தால் வருவது. இறக்கை நுனிகளில் உள்ள மின்னேற்றம் வெளியேற்றும் திரிகளும் பாகங்களை இணைக்கும் எர்த் பட்டைகளும் முறிந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

வெப்பம் மற்றொரு பகை. கோடைக்கால நடுப்பகலில் வட இந்தியாவில் நிறுத்தப்பட்ட விமானத்தின் கருவிப் பலகை வெளி வெப்பத்தை விட மிக அதிகமாகச் சூடேறும். அந்நிலையில் திரைகளை உடனே இயக்குவது அவற்றின் ஆயுளைக் குறைக்கும். கதவுகளைத் திறந்து காற்றாட விடுவதும், முன்கண்ணாடிக்கு வெயில் மறைப்பு இடுவதும் செலவில்லாத வழிகள். பலகையின் பின்னால் இருக்கும் சிறு குளிர்விப்பு விசிறி ஓசையின்றி நின்றுவிட்டால் எவருக்கும் தெரிவதில்லை. பல கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகும்போதே அது நினைவுக்கு வருகிறது. கடலோர நகரங்களில் ஹேங்கரின்றி நிற்கும் விமானங்களுக்கு வெப்பத்துடன் உப்பீரமும் சேர்கிறது. பருவமழைக்குப் பின் ஆன்டெனாக்களின் ஓரங்களிலும் கனெக்டர்களிலும் அரிப்பைத் தேடுவது நல்லது.

மின்னழுத்தமானியை ஒருமுறை பார்த்தால் பல புதிர்கள் விடுபடும். 14 வோல்ட் அமைப்பில் எஞ்சின் ஓடும்போது அளவு 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அது 12-க்கு இறங்கினால் ஆல்டர்னேட்டர் ஓய்ந்து, பேட்டரி மட்டுமே சுமையைத் தாங்குகிறது. எல்லாத் திரைகளையும் அப்பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அதன் வயதையும் உண்மையான கொள்ளளவையும் பொறுத்தது. எஞ்சினைக் கிளப்பும் திறன் இருப்பதால் மட்டும் பேட்டரி நலமாக உள்ளது எனக் கொள்ள முடியாது. ஆண்டுதோறும் கொள்ளளவுச் சோதனை செய்யச் சொல்வது இதனால்தான். திரைகளுக்கென உள்ள தனிச் சேமப் பேட்டரிகளும் இதே சோதனைக்கு உரியவை.

எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது

கருவிகளைக் குறித்த காலத்தில் கழற்றிப் புதுப்பித்தால் பழுது வராது என்ற பழைய நம்பிக்கையை 1978-இல் வெளியான ஓர் அறிக்கை அசைத்தது. யுனைடெட் ஏர்லைன்ஸ் பொறியாளர்கள் நோலனும் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக அதை எழுதினர். அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களுள் 11 விழுக்காடே வயதாக ஆகப் பழுது கூடும் வகையைச் சேர்ந்தவை. 68 விழுக்காடு பாகங்களில் பொருத்திய தொடக்கத்திலேயே பழுது மிகுந்து, பின்னர் குறைந்து ஏறத்தாழ ஒரே அளவில் நீடித்தது. பெரிய விமானங்களிலிருந்து பெற்ற எண்களாயினும் சிறு விமான உரிமையாளருக்கும் இதில் பயன் உண்டு. ஒழுங்காக இயங்கும் மின்னணுப் பெட்டியைக் ‘காலம் ஆயிற்று’ என்று கழற்றினால் புதிய பழுதுக்கு வழிவகுக்கலாம். வேக்குவம் பம்ப், பேட்டரி, விசிறி போன்ற தேயும் பொருள்கள் இதற்கு விலக்கு.

சட்டம் கோரும் சோதனைகள் வேறு வகை. அமெரிக்காவில் கருவிகளைக் கொண்டு பறக்கும் விமானத்தின் உயரமானியும் நிலையழுத்த அமைப்பும், டிரான்ஸ்பாண்டரும் 24 மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்கப்பட வேண்டும். இந்தியாவில் டிஜிசிஏ ஏற்ற பராமரிப்புத் திட்டத்தில் அந்தந்த விமானத்துக்குரிய இடைவெளிகள் இருக்கும். விமானத் தகுதி மறுஆய்வுச் சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லும். ஏவியானிக்ஸ் பணிக்கெனத் தனித்தகுதி பெற்றவர் பி2 வகை உரிமம் உள்ள பொறியாளர். பழுதுநீக்கித் திரும்பும் பெட்டியுடன் சிஏ படிவம் 1 அல்லது அதற்கு இணையாக ஏற்கப்பட்ட சான்று வர வேண்டும். சான்றில்லாத பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விமானத்தில் பொருத்தத் தகுதியற்றது.

பழைய விமானம் வாங்குவோர் கருவிகளின் பெயரோடு அவற்றின் வகையையும் பார்க்க வேண்டும். 1998-இல் வந்த கார்மின் ஜிஎன்எஸ் 430 இன்றும் பல விமானங்களில் இருக்கிறது. அதன் உற்பத்தி நின்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அதன் முதல் வகை, செயற்கைக்கோள் வழித் திருத்தங்களைப் பெறாது. பின்னர் வந்த 430டபிள்யூ பெறும். இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் உருவாக்கிய ககன் அமைப்பு அத்தகைய திருத்தங்களை அளிக்கிறது. 2022 ஏப்ரலில் இண்டிகோ நிறுவனத்தின் ஏடிஆர் விமானம் ககன் உதவியுடன் ராஜஸ்தானின் கிஷன்கட் விமான நிலையத்தில் இறங்கியது. வழிகாட்டித் தரவுகள் 28 நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. அதற்கான சந்தா செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பழுதை எழுதும் முறை

பொறியாளரின் மணிக்கணக்கைக் குறைக்க உரிமையாளர் செய்யக்கூடிய பெரிய உதவி, பழுதைத் துல்லியமாக எழுதித் தருவது. ‘இரண்டாவது ரேடியோ சரியில்லை’ என்ற குறிப்பால் பயனில்லை. ‘புறப்பட்டு நாற்பது நிமிடம் கழித்து, கேபின் சூடாக இருந்தபோது, இரண்டாவது ரேடியோவில் பேசியது கோபுரத்துக்குக் கேட்கவில்லை, கோபுரம் பேசியது எனக்குக் கேட்டது, ஹெட்செட்டை மாற்றியும் மாற்றமில்லை, குளிர்ந்தபின் சரியானது’ என்ற குறிப்பு பாதி வேலையை முடித்துவிடும். எந்த விளக்கு எரிந்தது, மின்னழுத்தம் எவ்வளவு, மழை பெய்ததா என்பவையும் உதவும். எச்சரிக்கைச் செய்தி தோன்றிய திரையைத் தரையிறங்கிய பின் கைபேசியில் படமெடுத்து வைப்பதும் நல்ல வழக்கம். ஒருமுறை மேலேறித் துண்டித்த சர்க்யூட் பிரேக்கரைக் காரணம் அறியாமல் மீண்டும் மீண்டும் அழுத்துவது தீ விபத்துக்கு இட்டுச் செல்லும்.

விமானத்தை நிறுத்தும்போது பிட்டோ குழாய்க்கு உறை இடுவது எளிய வேலை. அந்தக் குழாயிலிருந்தே வேகமானி காற்றழுத்தத்தைப் பெறுகிறது. 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசு அருகே 189 பேர் உயிரிழந்த பர்கன்ஏர் போயிங் 757 விபத்தில், உறையிடாத பிட்டோ குழாயில் குளவி கட்டிய மண்கூடே காரணமாக இருந்திருக்கலாம் என விசாரணையில் கருதப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பெரு நாட்டில் மற்றொரு 757 விமானம், தூய்மைப் பணியின்போது நிலையழுத்தத் துளைகளின்மீது ஒட்டிய நாடாவை நீக்க மறந்ததால் கடலில் விழுந்தது. 70 பேர் இறந்தனர். உறையைப் போடுவதும் புறப்படுமுன் எடுப்பதும் சரிபார்ப்புப் பட்டியலில் இருக்க வேண்டும்.

ஆபத்தில் தானே இயங்கும் அவசர அறிகுறி அனுப்பி பெரும்பாலும் வால்பகுதியில் மறைவாக இருப்பதால் மறக்கப்படுகிறது. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவிகளின் ஒலியைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதில்லை. 406 மெகாஹெர்ட்ஸ் கருவிகளே இன்று அவற்றால் அறியப்படுகின்றன. இந்தியாவில் இச்சமிக்ஞைகளைப் பெறும் கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் இஸ்ரோவின் கீழ் இயங்குகிறது. ஒவ்வொரு கருவிக்கும் தனி அடையாள எண் உண்டு. அது யாருடைய விமானம், யாரைத் தொடர்பு கொள்வது என்ற விவரம் பதிவேட்டில் இருந்தால்தான் மீட்புப் பணி விரைவாகத் தொடங்கும். விமானம் கைமாறும்போது பழைய உரிமையாளரின் தொலைபேசி எண்ணே பதிவேட்டில் நீடிப்பது உண்டு. விற்பனைப் பத்திரம் கையெழுத்தாகும் அன்றே இப்பதிவையும் மாற்ற விண்ணப்பிக்கலாம்; பேட்டரியின் காலாவதித் தேதியையும் அப்போதே பார்த்துவிடலாம்.