சென்னையின் வீடுகளில் நடந்த காசநோய் ஆய்வு

நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு, குடும்பத்தை விட்டு விலகியிருத்தல் ஆகிய நான்கும் இல்லாமல் காசநோய் தீராது என்ற நம்பிக்கையின் மேல்தான் 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் போன்ற நிலையங்கள் எழுந்தன. ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோனியாசிட் ஆகிய மருந்துகள் அடுத்தடுத்து வந்த பிறகும் அந்த நம்பிக்கை எளிதில் அசையவில்லை. 1950களின் நடுவில் இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருக்க, இருந்த படுக்கைகள் அவர்களில் மிகச் சிறு பகுதியினருக்குக்கூடப் போதவில்லை. எனவே, மருந்து மட்டும் கையில் இருந்தால் ஏழையின் வீட்டிலேயே நோய் குணமாகுமா என்ற கேள்விக்கு விடை காண, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதனை வழிநடத்தினார்.

நகரின் நெரிசலான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள், 200 பேருக்குச் சற்றுக் குறைவானோர், ஆய்வில் சேர்க்கப்பட்டனர். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குச் செல்வது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கலுக்கு நிகரான முறையில், முடிவு செய்தனர். 1948இல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு புகழ்பெறச் செய்த முறை இது. இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஐசோனியாசிடும் பாஸும் ஒரே அளவில் தரப்பட்டன. மருந்தே இல்லாத பிரிவு எதுவும் இதில் இல்லை என்பது அந்த ஆய்வாளர்களின் பெருமைக்குரிய முடிவு.

ஆய்வின் உண்மையான களம் வீடுதான். பாஸ் வயிற்றைப் புரட்டும் மருந்து. அதை அன்றாடம் பெருமளவில் விழுங்கியாக வேண்டும், அதுவும் இருமல் அடங்கி உடல் தேறியதாகத் தோன்றத் தொடங்கிய பிறகும் மாதக்கணக்கில். ஆகவே சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று, மிஞ்சியிருந்த மருந்தை எண்ணிப் பார்த்தனர்; சிறுநீர் மாதிரியும் பெற்றுச் சென்றனர். பாஸ் உட்கொண்டவரின் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு சில துளிகள் விட்டால் அது ஊதா நிறமாகும். இந்த வருகைகளில் அக்கறையும் கண்காணிப்பும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. கதவைத் திறந்து அவற்றை ஏற்ற குடும்பங்களின் பொறுமை இல்லாமல் இந்த ஆய்வு ஒரு மாதம்கூட நடந்திருக்காது.

முடிவுகள் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தன. ஓராண்டின் இறுதியில் சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினரும் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினரும் சளியில் கிருமி இல்லாத நிலையை எட்டியிருந்தனர். வீட்டில் இருந்தவர்கள் குறைவான சத்துணவே உண்டார்கள், கூடுதலாக உழைத்தார்கள், எடையிலும் அவ்வளவு கூடவில்லை. ஆயினும் நோய் ஏறக்குறைய அதே அளவில் பின்வாங்கியது. காற்றும் ஓய்வும் உணவும் நலம் தருபவை என்றாலும், நோயைத் தீர்த்தது மருந்தே என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

மனிதர்களை ஆய்வுக்கு உட்படுத்துவோர் அவர்களிடம் எல்லாவற்றையும் விளக்கி இசைவு பெற வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் நியூரம்பர்க் நெறி கூறியிருந்தது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டது 1980இல்தான், விரிவான வழிகாட்டு நெறிகளை வகுத்தது 2000இல்தான். அந்த நெறிகளின் கண்கொண்டு பார்த்தால், சென்னை ஆய்வில் மிகவும் எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் நோயாளிகளைவிட அவர்களுடன் ஒரே அறையில் உறங்கிய மனைவி, கணவன், குழந்தைகள். மருந்து அவர்களுக்கல்ல, தொற்றும் அபாயம் மட்டும் அவர்களுக்கும் உரியதாக இருந்தது. ஆய்வாளர்கள் இதை உணர்ந்தே இரு பிரிவுக் குடும்பங்களையும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தனர். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தினருக்குக் கூடுதல் தீங்கு நேரவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது என்பதே அதற்கான விளக்கம். வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டு தேசிய காசநோய்த் திட்டம் 1962இலேயே தொடங்கிவிட்டது; அந்தக் குடும்பங்களின் ஐந்தாண்டு முழு அறிக்கையோ 1966இல்தான் அச்சேறியது.