லால் பகதூர் சாஸ்திரி: ஒரு வீட்டின் வரவு செலவு

1956 நவம்பர் 23. பொழுது விடியும் நேரம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. கடும் மழை, ஆற்றில் வெள்ளம். பாலம் தாங்கவில்லை. எஞ்சினும் பெட்டிகளும் தண்ணீருக்குள் சரிந்தன. 140 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள்.

டெல்லியில் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அது முதல் கடிதம் அல்ல. சில வாரங்களுக்கு முன்பு மகபூப்நகரில் நடந்த விபத்தில் நூறு பேருக்கும் மேல் இறந்தபோதும் எழுதிக் கொடுத்திருந்தார். அப்போது நேரு ஏற்கவில்லை. இந்த முறை ஏற்றுக்கொண்டார். நடந்ததற்கு சாஸ்திரி பொறுப்பு என்பதால் அல்ல, ஒரு நல்ல மரபுக்காகத்தான் ஏற்கிறேன் என்று நாடாளுமன்றத்தில் விளக்கமும் சொன்னார்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் சாஸ்திரி என்றால் இந்த ராஜினாமாதான். படித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். ஆனால் பதவி போனால் சம்பளமும் போகும், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதைப் பாடப்புத்தகம் எழுதுவதில்லை. அந்த வீட்டில் மனைவி, ஆறு பிள்ளைகள், வயதான தாய்!

அந்தத் தாயின் பெயர் ராம்துலாரி தேவி. கணவர் சாரதா பிரசாத் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு அலகாபாத் வருவாய் அலுவலகத்தில் குமாஸ்தா ஆனவர். 1904 அக்டோபர் 2 அன்று முகல்சராயில் பிறந்த லால் பகதூருக்கு ஒன்றரை வயது இருக்கும்போதே அவர் பிளேக் நோயில் இறந்தார். அதன்பிறகு தாய்வழி உறவினர் வீடுகளில்தான் வளர்ந்தார் பையன். ஒருவர் கையை எதிர்பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் காசின் அருமை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காந்தியின் அழைப்பைக் கேட்டு 1921ல் பள்ளிப் படிப்பை விட்டார். பின்னர் காசி வித்யாபீடத்தில் படித்துப் பெற்ற பட்டம்தான் 'சாஸ்திரி'. ஸ்ரீவாஸ்தவா என்ற சாதிப் பெயரை அதற்கு முன்பே விட்டுவிட்டார்.

1928ல் மிர்சாபூரைச் சேர்ந்த லலிதா தேவியை மணந்தார். சீதனமாக அவர் ஏற்றது ஒரு ராட்டையும் கொஞ்சம் கதர்த் துணியும்.

அப்போது அவர் லாலா லஜபதி ராய் நிறுவிய மக்கள் ஊழியர் சங்கத்தில் இருந்தார். சிறையில் இருந்த காலத்தில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். சங்கம் குடும்பச் செலவுக்கு மாதம் 50 ரூபாய் அனுப்பி வந்தது. பணம் போதுகிறதா என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார் சாஸ்திரி. 40 ரூபாயில் செலவை முடித்து 10 ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று பதில் வந்தது. உடனே சங்கத்துக்கு எழுதினார்: என் குடும்பத்துக்கு 40 ரூபாய் போதும், மீதியை வேறு யாருக்காவது கொடுங்கள்.

இதை சாஸ்திரியின் நேர்மைக்கு உதாரணமாக மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள். நேர்மைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பத்து ரூபாயை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்தவர் லலிதா தேவி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக் கதையில் வருவதே இல்லை!

சிறைவாசம் மொத்தம் சுமார் ஒன்பது ஆண்டுகள். ஒருமுறை மகளுக்கு உடல்நிலை மிகவும் மோசமாகி, 15 நாள் பரோலில் வெளியே விட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்தபோது குழந்தை உயிருடன் இல்லை. செய்ய வேண்டிய சடங்குகளை முடித்தார், நாட்கள் மிச்சம் இருக்கும்போதே சிறைக்குத் திரும்பினார். மகளுக்காகக் கொடுத்த விடுப்பு, மகளே இல்லாதபோது எதற்கு என்று நினைத்திருப்பார் போலும். இன்னொரு முறை மகன் காய்ச்சலில் கிடந்தபோது விடுப்பு முடிந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. அப்போதும் திரும்பிப் போனார். இவற்றைப் பெருமையாகச் சொல்வதா, வருத்தமாகச் சொல்வதா என்று தெரியவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் உத்தரப் பிரதேசத்தில் போலீஸ், போக்குவரத்து அமைச்சர், பிறகு மத்தியில் ரயில்வே, வர்த்தகம், உள்துறை என்று பதவிகள் வந்தன. 1959ல் மாரடைப்பு வந்தும் வேலையைக் குறைக்கவில்லை. 1963ல் காமராஜர் திட்டம் வந்தபோது உள்துறை அமைச்சர் பதவியை விட்டு வெளியேறியவர்களில் அவரும் ஒருவர். அந்த நாட்களில் ஓர் இரவு அவரைப் பார்க்கப் போனார் அவரிடம் பணிபுரிந்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார். வீட்டில் ஒரே ஓர் அறையில்தான் விளக்கு எரிந்தது. இனி மின்கட்டணம் தன் கைக்காசு என்றார் சாஸ்திரி. எம்.பி. சம்பளம் 500 ரூபாய் கூட இல்லை. பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினால் கொஞ்சம் வருமானம் வரும் என்று யோசனை சொன்னவர் நய்யார்தான். அப்படியே எழுதினார்!

நேருவின் மறைவுக்குப் பின் காமராஜரின் முயற்சியால் 1964 ஜூன் 9 அன்று பிரதமரானார். பதவியில் இருந்தது 19 மாதங்கள்தான். அதற்குள் ஒரு போர், உணவுப் பஞ்சம், தமிழகத்தில் ஒரு பெருந்தீ.

அந்தத் தீயை மறைத்து எழுதினால் இது வரலாறு ஆகாது. 1965 ஜனவரி 26ல் இந்தி ஆட்சிமொழி ஆனது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூடுகள் நடந்தன, அரசுக் கணக்கிலேயே 70 பேர் இறந்தார்கள். மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் பதவி விலகினார்கள். அழகேசன் யார் தெரியுமா? அரியலூர் விபத்தின்போது சாஸ்திரியின் கீழ் ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர். அந்த விபத்தை வைத்தே தேர்தலில் அவரைத் தி.மு.க. வறுத்தெடுத்தது. இப்போது அவரது ராஜினாமா சாஸ்திரியின் மேஜைக்கு வந்தது. ஏற்கும்படி சாஸ்திரி பரிந்துரைத்தார், குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் மறுத்துவிட்டார். பிப்ரவரி 11 அன்று சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழியைக் காப்பதாகச் சொன்னார். முன்பே பேசியிருக்கலாம். ரயில் விபத்துக்கு அத்தனை வேகமாகப் பொறுப்பேற்றவர் இங்கே தாமதித்துவிட்டார்.

உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியத்தின் புதிய விதைத் திட்டத்துக்குத் துணை நின்றவரும் அவர்தான். அரிசியும் கோதுமையும் தட்டுப்பட்டபோது வாரம் ஒருவேளை சாப்பாட்டை விடும்படி நாட்டைக் கேட்டார். அதற்கு முன்பு ஒருநாள் மாலை வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டாம் என்று லலிதா தேவியிடம் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகள் பசி தாங்குகிறார்களா என்று தெரிந்துகொண்ட பிறகே வானொலிக்குப் போனாராம்.

பிரதமரான பிறகு குடும்பத்துக்கு ஒரு கார் வாங்க ஆசைப்பட்டார்கள். ஃபியட் காரின் விலை 12,000 ரூபாய். கையில் இருந்தது 7,000. மீதி 5,000 ரூபாய்க்குப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடன் போட்டார் இந்தியப் பிரதமர்.

1966 ஜனவரி 10 அன்று தாஷ்கண்டில் பாகிஸ்தானுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. போரில் பிடித்த ஹாஜி பீர் கணவாயைத் திருப்பித்தர வேண்டும். அன்றிரவு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார் என்று எழுதுகிறார் உடன் சென்றிருந்த நய்யார். தங்களுக்குப் பிடிக்கவில்லை என்றாள் மகள். அம்மாவிடம் கொடு என்றார். லலிதா தேவி தொலைபேசிக்கு வரவில்லை. சில மணி நேரத்தில் மாரடைப்பு. வயது 61. அந்த மரணத்தைப் பற்றி இன்றுவரை என்னென்னவோ பேசுகிறார்கள், அது தனிக்கதை.

கார் கடன் பாக்கி இருந்தது. வங்கியிலிருந்து கடிதம் வந்தது. லலிதா தேவி தன் குடும்ப ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் கட்டி அதை அடைத்தார். அந்த ஃபியட் டெல்லியில் சாஸ்திரி நினைவில்லத்தில் வைக்கப்பட்டது.