செங்கல் சுவரும் நம் மண்டபக் கதவும்

ஆண்டுவிழா மலரில் ஒரு நர்ஸ் கட்டடச் சட்டம் பற்றி எழுதுவதா என்று நினைப்பீர்கள். நம் மண்டபத்தில் தானாக மூடிக்கொள்ளும் அந்தக் கனமான கதவுதான் காரணம்.

பிள்ளைகளே, 1666 செப்டம்பர் 2, ஞாயிறு அதிகாலை. லண்டன் புட்டிங் லேனில் ஒரு ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. அந்நாளில் பெரும்பாலும் மரவீடுகள். மேல்மாடிகள் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்ததால், சந்துகளில் எதிரெதிர் வீடுகள் ஏறக்குறைய தொட்டுக்கொண்டு நின்றன. காற்றும் பலமாக வீசியது. நான்கு நாட்களில் சுமார் 13,200 வீடுகளும், 87 பங்கு ஆலயங்களும், பழைய புனித பவுல் பேராலயமும் அழிந்தன.

செங்கல்லால் கட்டுங்கள் என்று மன்னர்கள் முன்பே ஆணையிட்டிருந்தார்கள். பலர் கேட்கவில்லை.

1667இல் பாராளுமன்றம் புதிய சட்டம் போட்டது. வெளிச்சுவர் செங்கல் அல்லது கல்லாகவே இருக்க வேண்டும். சந்தில் இரண்டு மாடி, முக்கிய வீதியில் நான்கு மாடி என்று தெருவைப் பார்த்து வீட்டின் உயரம் முடிவானது. சுவரின் கனத்தையும் சட்டமே சொன்னது. தெருவை அகலப்படுத்த நிலம் கொடுத்தவர்களுக்கு, நிலக்கரி வரியிலிருந்து நஷ்டஈடு கிடைத்தது.

சட்டம் எழுதினால் போதுமா? அளந்து பார்க்க ஆள் வேண்டுமே! நகரம் நில அளவையாளர்களை நியமித்தது. அவர்களில் ஒருவர் ராபர்ட் ஹூக். இந்தியாவில் நர்சிங் படித்தபோது, ‘செல்’ என்ற பெயரைச் சூட்டியவர் என்று நான் மனப்பாடம் செய்த அதே ஹூக்! சாம்பல் மேட்டில் முளையடித்து, பல வீடுகளுக்கு அஸ்திவார எல்லை குறித்துக் கொடுத்தார்.

வீடு என்னுடையதுதான், ஆனால் என் வீட்டில் பிடிக்கும் தீ பக்கத்து வீட்டையும் எரிக்கும். அந்தச் சட்டத்தின் சாரம் இதுதான்.

இதே லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் உயிரிழந்தார்கள். வெளிச்சுவரில் பதித்திருந்த, எரியக்கூடிய பலகைகள் வழியாகத் தீ மேலே ஏறியது. 350 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பாடம்.

நம் மண்டபக் கதவும் அந்தச் செங்கல் சுவர் செய்யும் வேலையையே செய்கிறது. மூடியிருந்தால் தீயையும் புகையையும் தடுத்து, பாட்டிமார் மெதுவாக வெளியேற நேரம் கொடுக்கும். என் வார்டில் அப்படிப்பட்ட கதவுக்கு யாரும் முட்டுக் கொடுக்க மாட்டோம்.

அதனால் பிள்ளைகளே, ஐக்கிய விருந்து அன்று சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோக வசதியாக இருக்கட்டும் என்று யாராவது அந்தக் கதவுக்கு நாற்காலி போட்டால், பெரியவர்களே ஆனாலும், மரியாதையாகச் சொல்லி எடுத்துவிடுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.