வயலில் விழுந்த சீட்டு

சீட்டுப் போட்டு முடிவு காண்பது நம் மக்களுக்குப் புதிய வழக்கமன்று. ஏறத்தாழ 920 ஆம் ஆண்டளவில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபை உறுப்பினரைத் தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரத்திலும் இதற்கு ஒப்பான காட்சி உண்டு. யூதாசின் இடத்தை நிரப்ப இருவர் முன்நிறுத்தப்பட்டனர். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளின் உட்கருத்தும் ஒன்றே. தேர்ந்தெடுப்பவனின் விருப்பும் வெறுப்பும் உள்ளே நுழையாதபடி கதவை அடைத்துவிடுவதே அது.

இந்தப் பழைய வழக்கம் 20 ஆம் நூற்றாண்டில் அறிவியலின் நடுக்கூடத்திற்குள் வந்தமர்ந்தது. இங்கிலாந்தின் கோதுமை வயலில் தொடங்கி, இலண்டன் மருத்துவமனைகள் வழியாகச் சென்னைக் குடிசைகள் வரை அது நடந்து வந்த வழியை நினைவுகூர்வது பயனுடைத்து.

எருவும் ஏடுகளும்

இலண்டனுக்கு வடக்கே, ஹார்ப்பெண்டன் என்னும் ஊரில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையம் இருக்கின்றது. ஜான் பென்னட் லாஸ் என்னும் நிலக்கிழாரும் ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்னும் வேதியியலாரும் 1843 இல் அங்கே ஆய்வைத் தொடங்கினர். பிராட்பாக் என்னும் வயலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒன்றிற்குத் தொழுவுரம், ஒன்றிற்கு இரசாயன உரம், ஒன்றிற்கு எதுவுமில்லை என்று வகுத்து ஆண்டுதோறும் கோதுமை விதைத்தனர். அந்த ஆய்வு இன்றளவும் தொடர்கின்றது.

முக்கால் நூற்றாண்டுக் காலம் விளைச்சற் கணக்குகளும் மழைக் கணக்குகளும் ஏடேடாகக் குவிந்தன. அவற்றிலிருந்து ஏதேனும் உண்மை தேறுமா என்று பார்க்க, 1919 இல் ரொனால்டு ஃபிஷர் என்னும் இளம் கணித அறிஞரை நிலையத்தார் அமர்த்தினர். கண்பார்வை மிகக் குன்றியவர். ஆனால் எண்களுக்குள் ஊடுருவிக் காணும் பார்வை அவரைப்போல் வேறெவர்க்கும் வாய்க்கவில்லை. கையால் சுழற்றும் கணக்கிடும் பொறி ஒன்றே அவருக்குத் துணை.

ஏடுகளைப் புரட்டப் புரட்ட ஒரு குறை அவருக்குத் தெளிவாயிற்று. எந்த வயலும் எங்கும் ஒரே சீராய் இருப்பதில்லை. ஒரு மூலையில் ஈரம் தங்கும். ஒரு மூலை வேலி நிழலில் கிடக்கும். ஓரிடத்தில் என்றோ மாட்டுக்கிடை போட்டிருப்பார்கள். இது நம் உழவர் எவர்க்கும் தெரிந்த செய்தியே. அப்படியிருக்க, புதிய உரம் இட்ட பாத்தி கூடுதலாக விளைந்தால், அது உரத்தின் பெருமையா, மண்ணின் பெருமையா? உரத்தில் நம்பிக்கை கொண்ட ஆய்வாளன், தான் அறியாமலே நல்ல பாத்தியை அதற்கு ஒதுக்கிவிடுவானே!

ஃபிஷர் கண்ட தீர்வு மிக எளியது. எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை மனிதன் தீர்மானிக்க வேண்டா, சீட்டு தீர்மானிக்கட்டும். அப்போது மண்ணின் ஏற்றத்தாழ்வு எந்தப் பக்கத்திற்கும் திட்டமிட்டுச் சலுகை காட்டாது. அதுமட்டுமன்று, வெறும் தற்செயலால் எவ்வளவு வேறுபாடு வரக்கூடும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். அவ்வளவையும் தாண்டி வேறுபாடு தெரிந்தால் மட்டுமே உரத்திற்குப் புகழ் சேரும். 1935 இல் வெளிவந்த 'ஆய்வுகளின் வடிவமைப்பு' என்னும் நூலில் இதை விளக்க அவர் எடுத்துக்கொண்டது ஒரு கோப்பைத் தேநீர்! முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்லிவிடுவதாக ஓர் அம்மையார் கூறினார் என்றும், எட்டுக் கோப்பைகளைச் சீட்டு வரிசையில் வைத்து அவரைச் சோதிப்பது எப்படி என்றும் அந்நூல் ஆராய்கின்றது.

இந்த முறை இந்தியாவுக்கும் விரைவில் வந்தது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த மகலனோபிஸ் 1931 இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவர் அழைப்பின்பேரில் ஃபிஷர் 1937-38 குளிர்காலத்தில் இங்கு வந்தார். எண்கள் பெருகியபோது கணினியும் அவற்றைத் தொடர்ந்து வந்தது. 1954 இல் ராதம்ஸ்டெட் தனக்கென ஒரு கணினியைப் பெற்றது. 1950 களின் நடுவில் கல்கத்தா நிறுவனமும் ஒன்றைத் தருவித்தது. வயலில் எழுந்த கேள்வி இவ்வாறு இயற்பியலாரையும் கணினியையும் தன்பால் இழுத்துக்கொண்டது.

மண்ணிலிருந்து மருந்து

1943 இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ரட்கர்ஸ் வேளாண் கல்லூரியில், மண் நுண்ணுயிர் அறிஞரான செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் மாணவர் உழைத்துக்கொண்டிருந்தார். எருவிட்ட நிலத்து மண்ணிலும் ஒரு கோழியின் தொண்டையிலும் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து அவர் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். காசநோய்க் கிருமியை அடக்கிய முதல் நல்ல மருந்து அதுவே. கண்டுபிடிப்பில் தமக்குரிய பங்கைப் பெற ஷாட்ஸ் 1950 இல் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது; அவரும் கண்டுபிடித்தவரே என்று ஏற்கப்பட்டது. ஆயினும் 1952 இல் நோபெல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே சென்றது. ஆய்வகங்களும் மனிதர் வாழும் இடங்களே என்பதை இது நினைவூட்டும்.

மருந்து கிடைத்தது, ஆனால் அது உண்மையில் குணமாக்குகின்றதா? காசநோய் சிலரிடம் தானாகவே தணியும். சிலரை விரைவில் மாய்க்கும். நலமடைந்தவரை மட்டும் எண்ணிக்கொண்டு பல பொய் மருந்துகள் புகழ்பெற்ற வரலாறு உண்டு. இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தில் இதைச் சிந்தித்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். முதல் உலகப்போரில் விமானியாகச் சென்று காசநோயுடன் திரும்பியவர். பிழைக்கமாட்டார் என்று கருதப்பட்டவர். நோயினால் மருத்துவக் கல்வி கைகூடாமல், படுக்கையிலிருந்தே பொருளியல் கற்றுப் புள்ளியியலுக்கு வந்து, 1991 வரை வாழ்ந்தார்.

போருக்குப் பின் வறுமையுற்றிருந்த இங்கிலாந்துக்கு மிகச் சிறிதளவு மருந்தே கிடைத்தது. எல்லாருக்கும் போதாது என்பது உறுதி. அந்நிலையில் 107 நோயாளர் தேர்ந்துகொள்ளப்பட்டனர். முத்திரையிட்ட உறைகளுக்குள் இருந்த சீட்டுப்படி 55 பேர் மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்றனர். 52 பேர் அக்காலத்து வழக்கப்படி ஓய்வு மட்டும் பெற்றனர். நெஞ்சுப் படங்களை ஆராய்ந்தவர்களுக்கு எது எவருடையது என்று தெரியாது. ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவருள் 4 பேரும், பெறாதவருள் 14 பேரும் இறந்திருந்தனர். 1948 இல் முடிவு வெளியாயிற்று.

அந்தப் 14 பேரை எண்ணாமல் இவ்வரலாற்றைக் கடந்துசெல்ல என்னால் இயலவில்லை. தாங்கள் ஓர் ஆய்வில் ஒரு பக்கமாக நிற்கின்றோம் என்பதே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. மருந்து போதாதபோது, செல்வாக்குள்ளவருக்குக் கொடுப்பதைவிடச் சீட்டுக்கு விடுவது நீதியே என்று வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மையும் உண்டு. ஆனால் நீதியான முறைகூட, நோயாளியிடம் உண்மையைச் சொல்லும் கடமையை நீக்கிவிடாது. அவருடைய இசைவின்றி ஆய்வு கூடாது என்பதை 1964 இன் ஹெல்சிங்கிப் பிரகடனம் உலக மருத்துவர்களின் நெறியாக்கியது.

இன்னொன்றும் உண்டு. அந்த நோயாளரைத் தொடர்ந்து கவனித்தபோது, ஐந்தாண்டு முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 32 பேர் மறைந்திருந்தனர். பெறாத 52 பேரில் 35 பேர். கிருமி மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டிருந்தது. தொடக்க வெற்றியில் மயங்கி நின்றிருந்தால் இது புலப்பட்டிராது. தனி மருந்து போதாது, இரண்டைச் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்ற பாடம் இவ்வகை ஆய்வுகளாலேயே உறுதிப்பட்டது.

சேத்துப்பட்டில் ஒரு கேள்வி

அக்காலத்தில் காசநோய்க்கு மருத்துவம் என்றாலே தூய காற்றும் சத்துணவும் நீண்ட ஓய்வும் நல்கும் சானடோரியம்தான். ஆனால் நோயாளரோ இலட்சக்கணக்கானோர். படுக்கைகளோ சில ஆயிரம். 1956 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், இங்கிலாந்து மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் கூடிச் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தலைமை ஏற்றார்.

அவர்கள் கேட்ட கேள்வி துணிவானது. நெருக்கடியான குடிசையில், அரைவயிற்று உணவுடன், வேலைக்கும் சென்றுகொண்டு, மருந்தை மட்டும் ஒழுங்காக உட்கொள்ளும் ஏழை நலமடைவானா? சென்னை நகரின் ஏழை நோயாளரைச் சீட்டு முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு சாரார் சானடோரியத்தில். மறு சாரார் தம் வீட்டில். இருவர்க்கும் ஓராண்டுக் காலம் ஐசோநியாசிட், பாஸ் என்னும் அதே மருந்துகள். வீட்டிலிருந்தோரைப் பணியாளர் தேடிச் சென்று, மருந்து உட்கொண்டார்களா என்பதைச் சிறுநீர்ச் சோதனையாலும் உறுதி செய்தனர்.

1959 இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தோருள் 92 விழுக்காட்டினரும், வீட்டில் இருந்தோருள் 86 விழுக்காட்டினரும் கிருமி அடங்கிய நிலையை எய்தினர். சானடோரிய நோயாளர் நன்கு உண்டனர், எடை கூடினர். எனினும் குணமடைவதில் பெரும் வேறுபாடு இல்லை. ஐந்தாண்டுக் காலம் குடும்பத்தாரையும் கவனித்ததில், நோயாளர் வீட்டிலேயே இருந்ததால் பிள்ளைகளுக்குக் கூடுதலாக நோய் பரவியதாகத் தெரியவில்லை. 1962 இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டு மருத்துவத்தையே அடித்தளமாகக் கொண்டது. பின்னர் உலகமே அவ்வழியில் சென்றது.

எண்களுக்குப் பின்னால் உள்ளதை நான் என் சிறுவயதில் கண்டிருக்கின்றேன். எங்கள் சித்தப்பா ஒருவருக்கு இந்நோய் கண்டது. திண்ணையில் தனிப்பாய், தனித்தட்டு. பிள்ளைகள் நாங்கள் அருகில் செல்லக்கூடாது. ஆனால் அவர் ஊரைவிட்டுச் செல்லவில்லை. அரசு மருத்துவமனை மாத்திரையை விழுங்கிக்கொண்டே மெல்ல மெல்ல வயலுக்கு இறங்கினார். சித்தியின் கழுத்தில் தாலி நிலைத்தது. சித்தப்பா சேத்துப்பட்டைப் பற்றியோ ஃபிஷரைப் பற்றியோ கேள்விப்பட்டதே இல்லை. நலமடைந்த பின்னும் பல காலம் பாட்டி அந்தத் தட்டைத் தனியாகவே கழுவி வைத்தார். மருந்து வெல்லும் வேகத்தில் மனத்தின் அச்சம் விலகுவதில்லை.

'இல்லை' என்பதைக் கேட்கும் செவி

சீட்டு சில வேளைகளில் கசப்பான விடையையும் தரும். 1968 இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோரைக் கொண்டு பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கப்பட்டது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அது அங்கே பயன் தரவில்லை என்பதே விடை. நம்பியிருந்தோர்க்கு அது பேரிடி. எனினும் விடையை மறைக்காமல் உலகிற்கு அறிவித்தனர். குழந்தைகளைக் கடுமையான வகைக் காசநோயிலிருந்து காப்பதால் அத்தடுப்பூசி இன்றும் இடப்படுகின்றது. எதற்குப் பயன், எதற்குப் பயனில்லை என்ற தெளிவே இங்குக் கிடைத்த செல்வம்.

இதற்கு மாறான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1950 இல் ஹில்லும் ரிச்சர்டு டாலும் புகைப்பழக்கத்திற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினர். அதை மறுத்து எழுதியவருள் முன்னின்றவர் ஃபிஷரே! அவர் புகைக்கும் பழக்கம் உடையவர்; புகையிலை உற்பத்தியாளருக்கு ஆலோசகராகவும் இருந்தார். மனித இனத்தை 'உயர்ந்தோர்' பெருகும்படி சீராக்கவேண்டும் என்ற கொள்கையிலும் அவர் ஊறியிருந்தார். பாத்தியைத் தன் விருப்பத்திற்கு விடக்கூடாது என்று உலகிற்குக் கற்பித்தவர், தம் கருத்துகளை அந்தச் சோதனைக்கு விடத் தயங்கினார். 1962 இல் மறையும்வரை அவர் மாறவில்லை.

இதைச் சொல்வது அவரைக் குறைகூற அன்று. அவர் கண்ட முறை அவரைவிடப் பெரியது என்பதற்காகவே. அறிவுக் கூர்மை ஒருவனைத் தன் விருப்பத்திலிருந்து காப்பதில்லை. 'நான் தவறியிருக்கக் கூடும்' என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் பணிவே காக்கின்றது. உத்திரமேரூரில் குடத்திற்குள் கைவிட்ட சிறுவனின் அறியாமையை மாமேதைகள் வலிந்து ஏற்றுக்கொண்டார்கள். அதனால் எத்தனையோ திண்ணைகளிலிருந்து எத்தனையோ பேர் எழுந்து வயலுக்குச் சென்றார்கள்.

இன்றும் உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியரே. மருந்து உண்டு, வழியும் தெரியும். மாத்திரையை இடைவிடாது கொண்டுசேர்க்கும் கைகளும், தனித்தட்டை எடுத்துவிட்டு ஒரே பந்தியில் அமர்த்தும் மனமும்தான் இனி வேண்டும். அதற்குச் சீட்டுப் போட்டு ஆள் தேட வேண்டியதில்லை. அது நம் எல்லார் பெயருக்கும் ஏற்கெனவே விழுந்திருக்கின்றது.