த்ரொத்துவார் செலவு யாருடையது?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் நடைபாதை என்றாலே எனக்கு ‘த்ரொத்துவார்’ என்றுதான் வாயில் வரும். அதற்கென்றே பிரான்சில் 1845 ஜூன் 7-இல் ஒரு சட்டம் வந்தது. நகரசபை நடைபாதை போட்டால் தெருவோர வீட்டுக்காரரும் பங்கு தரவேண்டும். ஆனால் நகரசபையின் பங்கு பாதிக்குக் குறையக்கூடாது.

அதற்கு முன்பே, நெப்போலியன் காலத்து 1807-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு கணக்குப் போட்டது. புதுத் தெரு திறந்து சொத்தின் மதிப்பு வெகுவாகக் கூடினால், அந்த ஆதாயத்தில் பாதிவரை கேட்கலாம். ஒன்று செலவைப் பங்கிட்டது, மற்றது ஆதாயத்தை.

அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இரண்டாவது கணக்கே நியாயமாகத் தோன்றும். ஆனால் மூலைவீட்டில் வாழ்ந்த என் பாட்டி, “விற்றால்தானடா லாபம்? நான் விற்கப்போவதில்லையே!” என்றிருப்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.