முடியும் குடியரசும்: கொஸ்லந்தவிலிருந்து ஒரு நோக்கு

1948இல் சுதந்திரம் பெற்ற இலங்கை, பிரித்தானிய முடியின்கீழ் டொமினியனாகவே இருந்தது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் கொஸ்லந்த முதலான ஊவாத் தோட்டங்களின் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினர்க்குக் காப்பெனப்பட்டது. ஆயினும் கோடக்கன்பிள்ளை வழக்கில் கோமறைக் கழகம் அச்சட்டம் செல்லுமென்றே 1953இல் தீர்த்தது.

1972 மே 22இல் முடி அகன்று குடியரசு பிறந்தது. இறைமை மக்களுடையதென்றது புதிய யாப்பு; 29ஆம் பிரிவோ அதில் இடம்பெறவில்லை. அதனை இயற்றியோரைத் தெரிந்த 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் நாடற்றோர்க்கு வாக்கில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை குடியுரிமைக்குக் காத்திருந்தோரும் உளர்.

முடியா, குடியரசா என்பதற்கு முன்னெழ வேண்டிய வினா, குடிகள் யாவர் என்பதே.