வணிகச் சட்டம்: பொதட்டூர்பேட்டைக்கு வந்த வழி

வாங்குவது, விற்பது, கடன் கொடுப்பது, கூலிக்கு வேலை செய்வது, கூட்டாகத் தொழில் நடத்துவது ஆகியவற்றில் எழும் உரிமைகளையும் கடமைகளையும் வகுத்துச் சொல்வது வணிகச் சட்டம். ஒப்பந்தம், சரக்கு விற்பனை, கூட்டாண்மை, கம்பெனி, காசோலை, வரி எல்லாம் இதில் அடங்கும். இந்த விதிகள் எங்கிருந்து பிறக்கின்றன என்று கேட்டால், அமெரிக்கச் சட்ட மாணவர் அரசமைப்பு, சட்டமன்றங்களின் சட்டங்கள், நிர்வாக அமைப்புகளின் விதிகள், நீதிமன்றத் தீர்ப்புகள் என்று நான்கு ஊற்றுகளைச் சொல்வார். இந்தியாவிலும் ஏறக்குறைய இவைதான். வழக்காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் எந்த ஊற்றில் எவ்வளவு தண்ணீர் என்பதில் இரு நாடுகளுக்கும் தூரம் அதிகம். அதைப் பார்க்க, திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் நெசவூரான பொதட்டூர்பேட்டை நல்ல இடம். அந்த ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. மாநிலம்தான் இரண்டு முறை மாறியது.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து இந்த ஊரும் சென்னை மாநிலத்தை விட்டுப் போனது. 1954 ஜூலை 5-இல் குண்டூரில் ஆந்திர உயர் நீதிமன்றம் திறக்கப்படும்வரை மேல்முறையீடு சென்னைக்கே வந்துகொண்டிருந்தது. 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசம் உருவானதும் உயர் நீதிமன்றம் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் போன்றோர் நடத்திய வடக்கு எல்லைப் போராட்டம், எல்லைத் தகராறில் நடுவராயிருந்த படாஸ்கரின் பரிந்துரை, அதன்பேரில் நாடாளுமன்றம் இயற்றிய 1959-ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றின் முடிவில் 1960 ஏப்ரல் 1 அன்று பொதட்டூர்பேட்டை உள்ளிட்ட திருத்தணி வட்டாரம் மீண்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொதட்டூர்பேட்டையில் ஒரு நூல் வியாபாரியின் வழக்கு இழுத்துக்கொண்டே போயிருந்தால், ஆறரை ஆண்டுக்குள் அவர் சென்னை, குண்டூர், ஐதராபாத், மறுபடி சென்னை என்று ரயில் ஏற வேண்டியிருந்திருக்கும்.

அப்படி மாநிலம் மாறியபோது அவருடைய வணிகத்தில் எது மாறியது? விற்பனை வரி மாறியது. மாநிலத்தின் சந்தை, கடை, வாடகை, கடன் நிவாரணச் சட்டங்கள் வேறாயின. ஆனால் நூலைக் கடனுக்கு வாங்கியவர் எந்தத் தேதியில் பணம் தர வேண்டும், சாயம் போகும் நூலைத் திருப்பித் தரலாமா, வாக்கு மீறியவர் எவ்வளவு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கான பதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதே 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், அதே 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம்.

தீர்ப்புகளும் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்கவில்லை. 1954 ஜூலை 5-க்கு முன் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகள் தன்னையும் கட்டுப்படுத்தும் என்று ஆந்திர உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வே தீர்மானித்தது.

இந்த ஒருமை இயல்பாக வந்ததல்ல. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு குழம்பிய பிறகு வந்தது. அதற்கும் முன்னால், ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் போன்ற வணிகக் குழுக்கள் தங்களுக்குள்ளேயே விதி வகுத்துக்கொண்டன. சுமத்ராவின் பாரூஸ் அருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவர்களுடைய கை எவ்வளவு நீண்டது என்பதற்குச் சான்று. கிழக்கிந்தியக் கம்பெனி வந்த பிறகு, 1726-ஆம் ஆண்டு அரச சாசனத்தின்படி சென்னையில் மேயர் நீதிமன்றம் அமைந்தது. மேயரும் ஒன்பது ஆல்டர்மன்களும் நீதிபதிகள். அவர்களில் பெரும்பாலோர் வணிகர்கள் என்பதால், கடன் வழக்கில் கடன் கொடுத்தவரின் வருத்தம் அவர்களுக்குச் சீக்கிரம் புரிந்திருக்கும். ஆங்கிலச் சட்டம் சென்னைக்குள் முறையாக நுழைந்த வாசல் அந்தச் சாசனம்தான்.

1797-இல் வந்த நாடாளுமன்றச் சட்டம் சென்னை நகரத்துக்கு விசித்திரமான ஒரு விதியைத் தந்தது. இரு தரப்பும் இந்துக்களானால் ஒப்பந்தத்துக்கு இந்துச் சட்டம். இருவரும் முஸ்லிம்களானால் முஸ்லிம் சட்டம். தரப்புகள் வேறு வேறு சமயத்தவரானால் பிரதிவாதியின் சட்டம். அதாவது யார் முதலில் வழக்குப் போடுகிறார் என்பதைப் பொறுத்துச் சட்டமே மாறும்! நகரத்துக்கு வெளியே நிலை வேறு. 1801-இல் கர்நாடக நவாபின் நாடு கம்பெனி கைக்கு வந்தபின், மாவட்ட நீதிமன்றங்கள் தெளிவான விதி இல்லாத இடத்தில் ‘நீதி, நியாயம், நல்ல மனசாட்சி’ ஆகியவற்றின்படி தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று 1802-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் கூறின. ஆங்கில நீதிபதியின் மனசாட்சி பெரும்பாலும் ஆங்கிலச் சட்டத்தையே நினைவுபடுத்தியதால், அந்தச் சொற்றொடரின் வழியே இங்கிலாந்தின் பொதுச்சட்டம் மாவட்டங்களுக்குள்ளும் கசிந்தது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1861-இல் ரொமிலி பிரபு தலைமையில் மூன்றாம் சட்ட ஆணையம் அமைந்தது. லண்டனில் இருந்தபடி அது ஒப்பந்தச் சட்ட வரைவைத் தயாரித்தது. கல்கத்தாவில் சட்ட உறுப்பினராயிருந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் கையில் இறுதி வடிவம் பெற்று, 1872 செப்டம்பர் 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. வரைந்தவர்கள் ஆங்கிலத் தீர்ப்புகளோடு நிற்கவில்லை. கடலுக்கு அப்பால் நியூயார்க்கில் டேவிட் டட்லி ஃபீல்டு என்ற வழக்கறிஞர் எழுதி வைத்திருந்த சிவில் சட்ட வரைவிலிருந்தும் சில பிரிவுகளை எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ஃபீல்டின் அந்த சிவில் சட்டத்தை நியூயார்க் கடைசிவரை ஏற்கவே இல்லை. கலிஃபோர்னியா ஏற்றது, அதுவும் அதே 1872-இல். பெற்ற ஊர் கைவிட்ட பிள்ளையை ஒரே ஆண்டில் இரண்டு தூரத்து வீடுகள் தத்தெடுத்தன.

அந்தத் தத்துப்பிள்ளைகளில் முக்கியமானது 27-ஆம் பிரிவு. ஒருவர் சட்டபூர்வமான தொழில் எதையும் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அது. நற்பெயரோடு சேர்த்துக் கடையை விற்றவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆங்கில நீதிமன்றங்கள் ‘நியாயமான’ தடையை அனுமதித்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தியாவும் கலிஃபோர்னியாவும் கண்டிப்பான வழியைப் பிடித்தன. இந்தப் பிரிவு ஃபீல்டின் வரைவிலிருந்து வந்தது என்பதை இந்திய உச்ச நீதிமன்றமே 1980-இல் சூப்பரின்டெண்டென்ஸ் கம்பெனி வழக்கில் எடுத்துச் சொன்னது. பொதட்டூர்பேட்டைக் கணக்கில் இதன் பொருள் எளிது. ‘என்னிடமிருந்து விலகினால் மூன்றாண்டுக்கு இந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது’ என்று முதலாளி ஒருவர் தறிக்காரரிடம் எழுதி வாங்கினால், அந்தத் தாள் நீதிமன்றத்தில் நிற்காது.

காகிதத்தில் இவ்வளவு தாராளமாக இருந்த சட்டம், நடைமுறையில் அப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒப்பந்தச் சட்டத்துக்குப் பதின்மூன்று ஆண்டு முன்பே, 1859-இல் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் வந்திருந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை முடிக்காத கைவினைஞரையும் கூலிக்காரரையும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, அவர் உத்தரவுக்குப் பணியாவிட்டால் மூன்று மாதம்வரை கடுங்காவலில் போட அது வழி செய்தது. முதலாளி வாக்கு மீறினால் சிவில் வழக்கு, தொழிலாளி மீறினால் சிறை! அதை நீக்கும் சட்டம் 1925-இல்தான் இயற்றப்பட்டது. முன்பணத்துக்கு ஆளையே பிணையாக்கும் பழக்கத்தை, 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கி, அந்தக் கடனையும் ரத்து செய்தது. சாதாரண முன்பணத்தை இன்றும் கேட்டுப் பெறலாம். வழக்குப் போட்டுப் பெறலாம். ஆளைப் பிடித்து வைக்க முடியாது.

சட்டம் எழுத்தில் வந்துவிட்டால் தீர்ப்புக்கு வேலை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சட்டக் கல்லூரிகளில் ‘சின்னையா எதிர் ராமையா’ என்று சுருக்கிச் சொல்லப்படும் 1882-ஆம் ஆண்டுச் சென்னை வழக்கில், ஒரு மூதாட்டி தன் சொத்தை மகளுக்கு எழுதி வைத்தார். மகள் தன் சிற்றன்னைக்கு ஆண்டுதோறும் 653 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. மகள் அப்படியே எழுதியும் கொடுத்தார், பிறகு கொடுக்கவில்லை. ‘சிற்றன்னை எனக்கு எதுவும் தரவில்லையே, நான் ஏன் கொடுக்க வேண்டும்’ என்பது வாதம். கைம்மாறு வேறொருவரிடமிருந்து வந்தாலும் போதும் என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. இதே ரகமான சிக்கல் 1859-இல் நியூயார்க்கில் லாரன்ஸ் எதிர் ஃபாக்ஸ் வழக்கில் வந்தது: ஹாலி என்பவர் ஃபாக்ஸிடம் 300 டாலரைக் கொடுத்து, அதைத் தனக்குக் கடன் கொடுத்த லாரன்ஸிடம் தரச் சொன்னார். ஃபாக்ஸ் தராததால் லாரன்ஸ் வழக்குப் போட்டு வென்றார்.

வித்தியாசம் இங்கேதான். சென்னை நீதிமன்றம் பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்குமான ஒரு சட்டத்துக்கு விளக்கம் சொன்னது. நியூயார்க் நீதிமன்றம் நியூயார்க்குக்கு மட்டும் சட்டத்தைச் செய்தது. அமெரிக்காவில் ஒப்பந்தச் சட்டம் மாநிலங்களின் சொத்து. 1938-இல் ஈரி ரயில்வே எதிர் டாம்ப்கின்ஸ் வழக்கு இதை உறுதிப்படுத்தியது. தண்டவாளத்தை ஒட்டி நடந்து போனவர் மீது ரயிலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஏதோ மோதி அவர் கையை இழந்தார். நட்டஈடு எந்தச் சட்டப்படி என்ற கேள்வியில், கூட்டரசுக்கென்று தனியான பொதுச்சட்டம் கிடையாது என்று நீதிபதி பிராண்டைஸ் எழுதினார். ஒரு கை இழப்பில் தொடங்கிய வழக்கு வணிக வழக்குகள் அனைத்துக்கும் விதியானது.

மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை விதி வேறானால் ரயிலில் சரக்கு அனுப்புபவர் என்ன செய்வார்? அதற்காகவே கார்ல் லெவெலின் தலைமையில் ஒரு மாதிரிச் சட்டம் வரையப்பட்டு 1952-இல் சீரான வணிகச் சட்டத் தொகுப்பாக வெளிவந்தது. 1953-இல் பென்சில்வேனியா முதலில் ஏற்றது. மற்றவை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. பிரெஞ்சு, ஸ்பானிய மரபில் ஊறிய லூசியானா மட்டும் அதன் சரக்கு விற்பனைப் பகுதியை இன்றும் ஏற்கவில்லை. தமிழ் வாசகருக்கு லூசியானா என்றால் புதுச்சேரியை நினைத்துக்கொள்வது எளிது. இந்தியா 1872-இல் ஒரே சட்டத்தில் முடித்த வேலையை, அமெரிக்கா எண்பது ஆண்டு கழித்து ஐம்பது சட்டமன்றங்களைக் கெஞ்சிப் பெருமளவு முடித்தது. அந்நிய ஆட்சிக்குச் சம்மதம் கேட்கும் தொல்லை இல்லை என்பதும் இதற்கு ஒரு காரணம்.

வழக்காறு அழிந்துவிடவில்லை. வணிக வழக்கம் எதையும், சட்டத்துக்கு முரணில்லாதவரை, தான் தொடவில்லை என்று ஒப்பந்தச் சட்டத்தின் முதல் பிரிவே சொல்கிறது. 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் நாட்டு மொழிகளில் எழுதப்படும் உண்டியல்களின் உள்ளூர் வழக்கத்தைக் காப்பாற்றியது. கடலுக்கு அப்பாலும் வழக்காறு சட்டமானது: யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை டச்சுக்காரர்கள் 1707-இல் தொகுத்த தேசவழமையில் ஒற்றி, அடகு, கடன் பற்றிய விதிகள் உள்ளன. தேசவழமை இன்றும் இலங்கையின் வடக்கில் தமிழர் சொத்து விஷயங்களில் செல்லும்.

மாநிலத்தின் கை ஓங்கியிருந்த இடம் வரி. 1939-இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி. அதற்கும் சரக்கு விற்பனைச் சட்டம் கடிவாளம் போட்டது. 1958-இல் சென்னை மாநிலம் எதிர் கேனன் டங்கர்லி வழக்கில், மாநிலத்துக்குத் தரப்பட்ட வரி அதிகாரத்தில் ‘சரக்கு விற்பனை’ என்றால் சரக்கு விற்பனைச் சட்டம் சொல்லும் விற்பனைதான், கட்டட ஒப்பந்த வேலையை உடைத்து அதற்குள் ஒரு விற்பனையைத் தேடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1982-ஆம் ஆண்டு 46-ஆவது திருத்தச் சட்டம் அரசமைப்பையே மாற்றி அந்தக் கதவைத் திறந்தது. விற்பனையா வேலையா என்ற இந்தக் கேள்வி தறிக்கும் உண்டு: முதலாளி கொடுத்த பாவு நூலையும் ஊடை நூலையும் நெய்து துணியாகத் திருப்பித் தரும் தறிக்காரர் எதையும் விற்கவில்லை. இன்றைய ஜிஎஸ்டி அவர் செய்வதைக் கூலிவேலை என்ற சேவையாகவே பார்க்கிறது.

2017 ஜூலை 1 முதல் வரியும் பெருமளவு ஒரே வார்ப்பில் வந்துவிட்டது. ஆனாலும் எல்லை பில்லில் தெரிகிறது: பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணிக்குப் போகும் துணிக்கு மத்திய, மாநில வரிகள் பாதிப் பாதி, பக்கத்திலிருக்கும் ஆந்திர நகரிக்குப் போனால் ஒரே ஒருங்கிணைந்த வரி. வாங்கியவர் பணத்தை இழுத்தடித்தால் இரண்டு ஊருக்கும் ஒரே விதி. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி, மாதந்தோறும் வட்டிக்கு வட்டியோடு. உத்யம் எனப்படும் அந்தப் பதிவை இதுவரை செய்யாத தறிக்கூட உரிமையாளர்கள் அதை முதலில் செய்துகொள்ளட்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.